வாயில் ஒரு துண்டு கருப்பட்டி

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நாம் எதைச் சொன்னாலும் இளையவர்கள் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தப் போவதில்லை. ஆகவே தாராளமாகப் பேசலாம். இதை நான் அவர்களுக்காகச் சொல்லவும் இல்லை. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன் கிடைத்தால் அன்றைக்குப் பெருநாள் என்று இருந்தவர்களுக்காக, அதாவது உங்களுக்காகச் சொல்கிறேன்.

போன மாதம் என் தங்கையின் மகள் வந்திருந்தாள். குழந்தை வளர்ச்சியும் உளவியலும் படித்த பெண். இனி ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும், எந்தப் பேராசிரியரிடம் சேர்வது என்று யோசனை. பல்கலைக்கழகப் பக்கங்களை ஃபோனில் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கு எதில் ஆர்வம் என்று எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒருவருக்குக் குழந்தைகளின் தூக்கத்தில் ஆர்வமாம். இன்னொருவருக்குப் பிள்ளைகள் எந்த வயதில் பொய் சொல்லத் தொடங்குகிறார்கள் என்பதில். வேறொருவர் இரண்டு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்கிறார். அவரை நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் எந்த வீட்டிலாவது ஒரு வாரம் உட்காரச் சொல், பெரியவர்களே எந்த மொழியில் பேசுகிறோம் என்று தெரியாமல்தான் பேசுகிறோம் என்றேன். சிரித்தாள்.

அடுத்ததை வாசித்தாள். "தாயைப் பிரியும்போது கைக்குழந்தைகள் காட்டும் நடத்தை."

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"எனக்கு இதுதான் இஷ்டம் பெரியம்மா. எப்பிடி உண்டு?"

"இதே இஷ்டம் உள்ள ஒரு டீச்சர் நம்ம ஊருக்கு வந்திருக்கு."

"எப்போ?"

"உனக்க அம்மைக்கு ஒண்ணரை வயசு இருக்கும்ப."

"ஓ, பழைய காலம்" என்றுவிட்டு அவள் ஃபோனுக்குள் திரும்பப் போய்விட்டாள். பழைய காலம்தான். அந்தப் பழைய காலம் அவளுடைய அம்மாவின் வாயில் இன்றும் கிடக்கிறது. அது அவளுக்குத் தெரியாது.

எங்கள் வீடு பூவாருக்குத் தெற்கே, அலைச் சத்தம் சுவரில் மோதும் தூரத்தில் இருந்தது. அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். வீட்டை ஆண்டது அப்பாவின் அக்கா. எங்கள் பக்கத்தில் அத்தையை மாமி என்போம். மாமி சின்ன வயதிலேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். தலையில் மீன்கூடையோடு அவள் நடந்து போவதைப் பார்த்தால் எதிரே வரும் சைக்கிள்காரன் இறங்கி வழிவிடுவான். அவ்வளவு வேகம்.

அம்மா கடற்கரைக்காரி இல்லை. அம்பூரி மலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் பிறந்தவள். அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்தால் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோட்ட வாசனை வரும். கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் அந்த வாசனை போகவில்லை. மலைக்காரர்கள் அழுவதற்கு வெட்கப்பட மாட்டார்கள். நாங்கள் லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும் நாளில் சித்திமார் எல்லோரும் வெள்ளறடை பஸ் வரும் இடம் வரைக்கும் வந்து, ஆளுக்கொரு பக்கம் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுவார்கள். அம்மாவும் அழுவாள். கண்டக்டர் மணியடிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பார். அடுத்த மாதம் திரும்பப் போகத்தான் போகிறோம், ஆனாலும் அந்த அழுகை கட்டாயம் உண்டு. அழாமல் அனுப்பினால் அந்த வீட்டில் பிரியம் இல்லை என்று அர்த்தம்.

கடற்கரையில் நேர்மாறு. கடலுக்குப் போகிறவன் முன்னால் யாரும் கண்ணைக் கசக்கக் கூடாது. பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. 'போறேன்' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது, 'வாறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அப்பா வள்ளத்தைத் தள்ளும்போது அம்மா கரையில் நின்று அழுதிருக்கிறாள். மாமி அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து அடுக்களையில் விட்டு, "இனி அவன் கடலுல எறங்குதது வரைக்கும் நீ இஞ்ச நின்னா போதும்" என்றாளாம். அன்றிலிருந்து அப்பா கிளம்புகிற நேரமெல்லாம் அம்மாவுக்கு அடுக்களைதான். வாசலில் நடப்பதை அவள் கண்டதில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நடந்தது இது. விடியும் முன்பே மாமி எங்களை எழுப்பிவிடுவாள். தங்கை அவள் இடுப்பில், நான் பக்கத்தில். அப்பா வலையைத் தோளில் போட்டு "வாறேன் மக்கா" என்பார். தங்கையின் உதடு கோணத் தொடங்கும். சத்தம் வெளியே வருவதற்குள் மாமி மடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டி எடுத்து அவள் வாயில் போட்டுவிடுவாள். எனக்கும் ஒரு துண்டு.

"கரையப்பிடாது கேட்டியா. கண்ணீரு விழுந்தா வழி அடைஞ்சு போவும். அப்பன் திரும்பி வரண்டாமா?"

கரைவது என்றால் எங்கள் பேச்சில் அழுவது. அப்பா திரும்பி வர வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆகவே நான் கருப்பட்டியைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு விறைப்பாக நிற்பேன். பனையோலைப் பெட்டி வாசனையும் லேசான கரிப்பும் சேர்ந்த கருப்பட்டி அது. இப்போது கடைகளில் விற்கிறார்களே, சீனி கலந்த சாமான், அதுவல்ல.

தங்கை சீக்கிரமே பழகிவிட்டாள். யாராவது "வாறேன்" என்றால் போதும், குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறப்பாள். மீன் எடுக்க வந்த சைக்கிள்காரர் "வாறேன்" என்றாலும் திறப்பாள். ஒருநாள், அம்மா கிணற்றடியில் இருந்த நேரம், பங்குத்தந்தை வீடு சந்திக்க வந்து ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தங்கை அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள். "நற்கருணை வாங்க உனக்கு இன்னும் வயசு ஆகல்லியே" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவள் மட்டும் வாயைத் திறந்தபடியே நின்றாள். அவளுக்கு அது வேடிக்கை இல்லை. வந்த அழுகை அங்கே தொண்டையில் நின்றுகொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது.

அந்த வருடம் மழை முடிகிற சமயத்தில் அலை வள்ளத்தைப் புரட்டி அப்பாவின் இடுப்பின் மேல் போட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் கடல் முடிந்தது. கட்டிலில் கிடந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாமியின் கூடை ஒன்றுதான் வீட்டை இழுத்தது. அம்மாவும் ஒருநாள் மீன் விற்கப் போனாள். அவளுக்குக் கூவத் தெரியவில்லை. மலையாளத்திலும் தமிழிலும் மெதுவாக "மீன் வேணுமா" என்று கேட்டால் யார் கதவைத் திறப்பார்கள்? பாதி மீனோடு திரும்பி வந்தாள்.

அப்போதுதான் பக்கத்துத் தெருவில் ஒரு பெண், வளைகுடாவில் ஒரு அரபி வீட்டில் வேலை பார்ப்பவள், அம்மாவுக்கும் அங்கேயே விசா ஏற்பாடு செய்தாள். எல்லாம் வந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் மனசு வரவில்லை. என்னைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை, நான் பெரிய பிள்ளை, நாலாம் வகுப்பு. தங்கையை எப்படி விடுவது? யாரைப் பார்த்தாலும் கேட்பாள். கன்னியாஸ்திரீயிடம் கேட்டாள், கிணற்றடியில் கேட்டாள். ராத்திரியில் தங்கையைத் தடவியபடி என்னிடமும் கேட்டாள்: "இவ என்னைத் தேடுவாளா மக்கா?"

"தேடுவா" என்றேன். பெரியவர்கள் பேச்சில் பிள்ளை சொல்லுக்கு என்ன மதிப்பு?

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியை வந்தார். நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் எடுப்பவர். தாயைப் பிரிந்தால் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வந்திருப்பதாகவும், பயப்பட ஒன்றுமில்லை என்றும் ஞாயிறு பூசையில் அறிவித்தார்கள். நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை, ஆண்கள் கட்டுவது போன்ற பெரிய வாட்ச். நல்ல மனுஷி. எங்கள் மூக்கை அவரே கைக்குட்டையால் துடைத்துவிடுவார். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம்.

கன்னியாஸ்திரீகளின் பாலர் பள்ளியில் ஒரு அறையைக் காலி செய்து பாய் விரித்திருந்தார்கள். நடுவில் விளையாட்டுச் சாமான்கள். சக்கரம் வைத்த மஞ்சள் மரவாத்து ஒன்று. இழுத்தால் க்ளக் க்ளக் என்று சத்தம் போடும். அதன் பெயிண்ட் வாசனைக்கு எனக்கு வாயூறியது. அம்மாவும் பிள்ளையும் அங்கே உட்கார்ந்து விளையாட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அம்மா எழுந்து வெளியே போக வேண்டும். பிள்ளை என்ன செய்கிறது என்று பேராசிரியை பார்ப்பார், மூலையில் ஒரு மாணவி எழுதிக்கொள்வாள். பிறகு அம்மா திரும்பி வருவாள். அவ்வளவுதான் பரிசோதனை.

எங்களுக்கு முன்னால் போன பிள்ளை மேட்டுத்தெரு அரிசிக்கடைக்காரரின் மகன். அவன் அம்மா எழுந்ததும் கதவை உடைக்கிற மாதிரி அழுதான். திரும்பி வந்ததும் அவள் புடவைக்குள் முகத்தைப் புதைத்தான். பேராசிரியை தலையை ஆட்டிக்கொண்டார். எங்கள் அம்மா அதை வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அம்மாவும் தங்கையும் உள்ளே போனார்கள். நான் ஜன்னலருகே நின்றேன். தங்கை வாத்தை இழுத்து இழுத்துச் சிரித்தாள். பேராசிரியை கண்ணால் சைகை காட்டினார். எதுவும் சொல்லாமல் எழுந்து போக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் நம்மால் அப்படி எழுந்து போக முடியுமா? அம்மா வாசலில் நின்று, பழக்கத்தில், "அம்மை வாறேன் மக்கா" என்றாள்.

தங்கை வாத்தைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். அவள் உதடு கோணியதை நான் பார்த்தேன். சுற்றிப் பார்த்தாள். மாமி இல்லை. இருந்த பெரிய ஆள் பேராசிரியை ஒருவர்தான். நேரே அவரிடம் நடந்து போய், முன்னால் நின்று, வாயைத் திறந்தாள்.

பேராசிரியை ஒரு நொடி திகைத்தார். பிறகு சிரித்து, தகர டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அந்த வாயில் வைத்தார். தங்கை அதை மெல்லவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வாசலைப் பார்த்து, கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டு வாசலில் நிற்பது போலவே நின்றாள்.

அம்மா என் பக்கத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள். "வேத்து ஆளுகிட்டப் போயி வாயத் தெறக்குதாளே" என்று தனக்குள் சொன்னாள். அவள் திரும்ப உள்ளே போனபோது தங்கை ஓடி வரவில்லை. வாயில் துண்டு கரையும் வரை அசையக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மாணவி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்ல என்ன இருக்கிறது? வீட்டில் தினமும் நடப்பது அது. சோற்றைக் கையால் சாப்பிடுகிறோம் என்று யாரிடமாவது போய்ச் சொல்வோமா? யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

அம்மா பேராசிரியையிடம் தன் விசாவைப் பற்றிச் சொன்னாள். இவ்வளவு நாளாக எல்லோரிடமும் எதைக் கேட்டாளோ அதையே அவரிடமும் கேட்டாள். அவர் அம்மாவின் தோளில் கை வைத்து மலையாளத்தில் பேசினார். சில பிள்ளைகள் தாயை விட்டால் தவித்துப் போவார்கள், சில பிள்ளைகள் அப்படி ஒட்ட மாட்டார்கள், யாரிடமும் இருந்துகொள்வார்கள், இவள் இரண்டாவது வகை என்றார். "பேடிக்கண்டா. மோள் நல்ல மிடுக்கியாணு" என்றார். பயப்படாதே, மகள் கெட்டிக்காரி. அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அதைவிடப் பெரிய அடி அவளுக்கு வாழ்நாளில் விழவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா மணலில் வேகமாக நடந்தாள். தங்கையை என் இடுப்பில் கொடுத்துவிட்டாள். தெங்குத்தோப்பு தாண்டியதும் நின்று என்னிடம் கேட்டாள்.

"ஏட்டி, இவ எனக்க மோளு தானே?"

வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன்.

அன்றைக்கே அவள் போவதென்று முடிவெடுத்துவிட்டாள். மாமிதான் பெட்டி கட்டினாள். நெத்திலிக் கருவாடு, வேப்பிலை, மாதா படம்.

கிளம்பும் நாளில் அம்பூரியிலிருந்து சித்திமார் வந்துவிட்டார்கள். வந்த வேகத்திலேயே அழத் தொடங்கினார்கள். மாமி விடுவாளா? "விமானமும் கடலுக்கு மேலதானே போவுது? செத்த வீடாக்கும்னு நெனச்சியளா?" என்று அதட்டி, எல்லோரையும் அடுக்களைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே அவர்கள் அழுகிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க உரலில் உலக்கையைப் போடச் சொன்னாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அம்மாவுக்காக அன்றைக்கு அழுதவர்கள் எல்லோரும் சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தார்கள் என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் முகர்ந்தாள். தங்கையைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள். அவள் முகத்தில் எதையோ தேடினாள். பிறகு "வாறேன்" என்று திரும்பி நடந்தாள். தங்கை வாயைத் திறந்தாள். மாமி கருப்பட்டியைப் போட்டாள். என் வாயிலும் போட்டாள். வழக்கத்தைவிடப் பெரிய துண்டு. வளைகுடா தூரமல்லவா.

"திரும்பிப் பாக்காத போ பிள்ள" என்றாள் மாமி. அம்மா கார் கதவுவரைக்கும் போய், அங்கே நின்று, திரும்பிப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் மென்றுகொண்டிருந்தோம்.

கார் போன பிறகும் தங்கை அந்தத் துண்டை விழுங்கவில்லை. எச்சிலோடு கலந்து மோவாயில் பழுப்பாக வழிந்தது. மத்தியானம் அதை வாயிலிருந்து எடுத்துக் கையில் பொத்தி வைத்துக்கொண்டாள். விரலிடுக்கில் எறும்பு வந்தது. கையைத் திறக்கச் சொன்னால் திறக்கவில்லை. பிடித்துத் திறந்து மாமி கழுவிவிட்டாள்.

கொடியில் அம்மாவின் தோர்த்து ஒன்று கிடந்தது. குளித்தால் தலை துவட்டுகிற துண்டு. தங்கை அதை இழுத்துக்கொண்டே வீடெல்லாம் நடந்தாள். அதோடுதான் தூங்கினாள். அதில் அந்தப் புகை வாசனை இருந்தது. அழுக்காகிவிட்டது என்று மாமி ஒருநாள் அதைச் சலவைக்காரம் போட்டு வெளுத்துவிட்டாள். தங்கை காய்ந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். கீழே போட்டாள். அப்புறம் அதைத் தொடவே இல்லை. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எத்தனையோ சாமான்களை வைத்திருக்கிறேன், அந்தத் துண்டுதான் இல்லை.

அவளுக்குக் காய்ச்சல் கண்டது. யாரும் கிளம்பாத நேரத்திலும் மாமியிடம் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். மாமி கொடுப்பாள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள். பிள்ளை நல்லா மறந்துபோச்சு, சமத்து என்றார்கள் எல்லோரும்.

அடுத்த வருடம் அம்மா ஒரு டேப் ரெக்கார்டர் கொடுத்தனுப்பினாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பதிவாகும், வெள்ளிநிறப் பெட்டி. பிள்ளைகளின் குரலைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தாள். மாமி எங்களை அதைச் சுற்றி உட்கார வைத்தாள். "தனியா நிக்குதவளுக்க மனசு கலங்கப்பிடாது. சிரிச்சுட்டுப் பேசணும்" என்றாள். நான் சிரித்தபடி பேசினேன். பள்ளிக்கூடம் போகிறேன் அம்மா, அயலை மீன் சாப்பிட்டோம் அம்மா, பெருநாளுக்குச் சப்பரம் பார்த்தோம் அம்மா. தங்கை ஒரு பாட்டுப் பாடினாள். 'எப்போ வருவே' என்று கேட்க வாயெடுத்தேன், மாமி பொத்தானை அமுக்கிவிட்டாள். அரபி வீட்டு அடுக்களையில் அந்த நாடா எத்தனை முறை ஓடியதோ. ஓடிய தடவையெல்லாம் அவள் கேட்டது, நாங்கள் அவளில்லாமல் சந்தோஷமாக இருப்பதைத்தான்.

விடுமுறைக்கு வருவாள். எனக்குப் பேனா, துணி. தங்கைக்குப் பிஸ்கட், படம் போட்ட பெரிய தகர டப்பாக்களில். ஒவ்வொரு தடவையும் பிஸ்கட்தான். "இவளுக்குப் பிடிக்குமே" என்பாள். தங்கை பிஸ்கட் தின்பதே இல்லை. அந்த டப்பாக்களில் மாமி உப்பும் புளியும் போட்டு வைத்தாள். விடுமுறை முடிந்து அம்மா கிளம்பும்போது வாசலில் அதே காட்சி. நாங்கள் வளர்ந்துவிட்டதால் கருப்பட்டி மட்டும் இல்லை. அது இல்லாமலே நிற்கக் கற்றுக்கொண்டிருந்தோம். அம்மா எங்கள் கண்களைப் பார்ப்பாள். ஒன்றும் கிடைக்காது. காரில் ஏறுவாள்.

மாமி ஏன் இப்படி என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். மாமியின் புருஷன் கடைசியாகக் கடலுக்குப் போன அன்று, கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, இன்றைக்குப் போகாதே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு மாமி அழுதாளாம். அவர் சிரித்துக் கையை விடுவித்துவிட்டுப் போனார். உடல்கூடக் கரைக்கு வரவில்லை. "அதுக்குப் பொறகு அவ கரைஞ்சு நான் கண்டதில்ல" என்றார் அப்பா. கேட்ட பிறகு மாமி மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபம் மட்டும் போகவில்லை.

வயதான காலத்தில் அம்மா ஒரேயடியாக வந்துவிட்டாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். இரண்டு வருடம் முன்பு அவள் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று, நேற்று நடந்தது போலச் சொன்னாள்.

"அந்த டீச்சரு சொன்னது உள்ளதுதான். சின்னவளுக்கு என்கிட்ட ஒட்டுதல் இல்ல. நான் போன அண்ணைக்கு நீங்க ரெண்டு பேரும் என்னமோ தின்னுட்டு நின்னிய."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவளுக்குத் தெரியவே தெரியாது என்று. அடுக்களையில் நின்றவள். வள்ளம் தள்ளும்போது அழக் கூடாது என்பது தெரியும். பாலர் பள்ளி அறையில் கடல் ஏது, வள்ளம் ஏது? நான் எல்லாம் சொன்னேன். விடியற்காலை, மாமியின் மடி, கருப்பட்டி, அழுதால் வழி அடைந்துபோகும் என்றது, பங்குத்தந்தையிடம் வாயைத் திறந்தது. "நீ திரும்பி வரணும்னுதான் அம்மா அவ கரையல்ல. நானும் கரையல்ல."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"எனக்க கிட்ட ஒருத்தரும் சொல்லல்லியே மக்கா" என்றாள். பிறகு, "ஒருத்தி கரைஞ்சிருந்தா நான் காருல கேறியிருக்க மாட்டேன்" என்றாள்.

சாயங்காலம் தங்கை வந்தாள். அம்மா அவளை அருகில் கூப்பிட்டு மோவாயைப் பிடித்தாள். ஐம்பது வயதுப் பெண்ணின் உதட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டி ஒருக்கா கரைவியா மக்கா?"

தங்கைக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு கூச்சத்தோடு சிரித்தாள். "என்ன அம்மா கேக்குத. எனக்குக் கரச்சிலே வராது. சின்னதிலேயே அப்பிடியாக்கும்."

அந்த வாரமே அம்மா போய்விட்டாள்.

பெட்டியை மூடும் முன் எல்லோரும் சுற்றி நின்றோம். அம்பூரிச் சித்திமாரில் மிஞ்சியிருந்த ஒருத்தி தன் வழக்கப்படி வாய்விட்டு அழுதாள், அவளை அடுக்களைக்கு அனுப்ப யாரும் இல்லை. மாமிக்குத் தொண்ணூறு நெருங்கியிருந்தது. நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. யார் சொன்னார்களோ, தானாகவே தெரிந்துகொண்டாளோ.

"இனி கரையலாம் மக்களே" என்றாள். "இனி அவ வரண்டாம். கரைஞ்சோ."

நாலாம் வகுப்பில் விழுங்கியதெல்லாம் ஒன்றாக வந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் என் மருமகன் பயந்துபோனான்.

தங்கை அழவில்லை. நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். அப்போது அவள் உதடு கோணியது. கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, மாமியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

அப்போது உளவியல் படித்துக்கொண்டிருந்த அவளுடைய மகள் என் காதோரம் வந்து, "அம்மை இப்போ கரைஞ்சிடும் பெரியம்மா. தடுக்கண்டாம், கரையட்டும், நல்லதாக்கும்" என்றாள்.

மாமியின் கை தன் மடியைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை.